விழவில்லை, உருண்டேன்

போன வருடம், மயிலிட்டிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் முருகன் கோயில் தேரன்று தொடங்கியது இந்தக் கதை.

அதற்குச் சில மாதங்களுக்கு முன் என் மனைவிக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். பார்வை நல்லபடி வந்தால் தேரன்று கோயில் வீதியில் உருண்டு பிரதட்டை செய்கிறேன் என்று நேர்த்தி வைத்திருந்தேன். முருகன் ஒரு குறையும் வைக்கவில்லை. கனடாவில் இருக்கும் எங்கள் மகள், அம்மா இனிப் பேரனின் முகத்தைத் தெளிவாகப் பார்க்கட்டும் என்று, யாழ்ப்பாணத்துக் கடை ஒன்றில் பெரிய திரையுள்ள போன் ஒன்றை ஒழுங்கு செய்து, தவறி உடைந்தால் காசு கிடைக்க அதற்குக் காப்புறுதியும் போட்டுக் கொடுத்தாள்.

தேரன்று காலை ஆட்டோக்காரரைக் கூப்பிட மனைவியிடம் அந்தப் போனை வாங்கினேன். கதைத்து முடித்ததும் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன். நான் கடற்றொழில் செய்கிறவன். வள்ளத்தில் நனையாமல் இருக்க நாங்கள் எல்லோரும் அப்படித்தான் வைப்போம். வருடக்கணக்கான பழக்கத்தில், அங்கே ஒன்று இருப்பதே உடம்புக்குத் தெரியாது. அப்படியே கேணியில் முழுகி, ஈர வேட்டியோடு தேருக்குப் பின்னால் வீதி முழுக்க உருண்டேன். எழும்பி மணலைத் தட்டும்போதுதான் கையில் பட்டது. பையைப் பிரித்துப் பார்த்தால் போன் அகப்பை மாதிரி வளைந்து, திரை கறுத்துப்போய்க் கிடந்தது.

மனைவி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கண்ணைத் தந்துபோட்டுப் போனை எடுத்திட்டார்" என்றாள். சிரித்தாளா, கவலைப்பட்டாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

கடையில் நடந்ததை நடந்தபடியே சொல்லிப் போனைக் கொடுத்தேன். அவர்கள் கொழும்புக்கு அனுப்பினார்கள். சில கிழமைகளில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. என் பழைய போனில் மகளைக் கூப்பிட்டு எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அவள் அதைத் தமிழில் சொன்னாள்.

"அப்பா, நீங்கள் வேணுமெண்டு உடைச்சதாம். காசு தரேலாதாம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் ஏன் என் மனைவியின் போனை வேண்டுமென்று உடைக்கப்போகிறேன்? அதற்கிடையில் பேரன் எழும்பி நடக்கத் தொடங்கிவிட்டான். என் பழைய போனில் குரல் மட்டும்தான் வரும். அயல்வீட்டுப் போனில்தான் மனைவி அவனைப் பார்த்துவிட்டு வருவாள். அவர்கள் முகம் கோணுகிற ஆட்கள் இல்லை. ஆனாலும் இவள், அடுப்பில் உலை வைத்திருக்கிறேன் என்று ஏதோ சொல்லிக்கொண்டு பாதியில் எழும்பி வந்துவிடுவாள். அதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான், அவளையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்தில் இருக்கும் காப்புறுதிக் கந்தோருக்குப் போனேன்.

அங்கே இருந்தது கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு பெண். எங்கள் மகளின் வயதுதான் இருக்கும். கழுத்தில் சிறிய சிலுவை. மரியாதையாகக் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"ஐயா, போன் கையில இருந்து விழுந்துச்சா?"

"இல்லைப் பிள்ளை, உருண்டது."

"போன் உருண்டுச்சா?"

"நான் உருண்டனான். போன் என்ரை இடுப்பிலை இருந்தது."

"தவறி உருண்டுட்டீங்களா?"

"இல்லை, நேர்த்திக்கு."

"அப்போ வேணும்னுதானே உருண்டிருக்கீங்க?"

"ஓம்."

"அதைத்தான் ஐயா அவங்களும் எழுதியிருக்காங்க."

எனக்குத் தலை சுற்றியது. கேட்ட ஒவ்வொன்றுக்கும் உண்மையைத்தான் சொன்னேன். எல்லா உண்மையும் சேர்ந்து ஒரு பொய்யாக வந்து நிற்கிறது.

அந்தப் பிள்ளை குரலைத் தாழ்த்தி, கை தவறி விழுந்தது என்று ஒரு வரி எழுதித் தந்தால் தன்னால் உதவ முடியும் என்றாள். இரக்கத்தில்தான் சொன்னாள். எனக்குத்தான் மனம் எந்தப் பக்கமும் போகவில்லை. செய்த நேர்த்தியைச் செய்யவில்லை என்பது போல் கையெழுத்து வைக்கலாமா? தந்த பார்வையை முருகன் திருப்பிக் கேட்கமாட்டார் என்று தெரியும். ஆனாலும் பயமாக இருந்தது. மனைவியைப் பார்த்தேன்.

"இவருக்குப் பொய் சொல்ல வராது பிள்ளை. எனக்கே சொல்லிப் பிடிபட்டிருக்கிறார்" என்றாள் அவள். பிறகு என் பக்கம் திரும்பி, "என்னை ஏன் பாக்கிறியள்? எப்பிடி உருண்டனீங்களெண்டு அந்தப் பிள்ளைக்கு விளங்கச் சொல்லுங்கோவன்" என்றாள்.

கையைக் காலைக் காட்டிச் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பிள்ளை தன் வாழ்க்கையில் பிரதட்டையே பார்த்ததில்லை. கடைசியில், சொல்லத் தெரியாமல், கந்தோர்த் தரையில் படுத்துவிட்டேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பிக்கொண்டு உருளத் தொடங்கினேன்.

வாசலில் நின்ற காவலாளி ஓடி வந்தார். எழுப்பிவிடத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் கதிரைகளை ஒதுக்கிவிட்டு, கோயிலில் செய்வது போலவே என் முதுகில் கை கொடுத்து, மேசைக்காலில் முட்டாமல் நேராக உருட்டிவிட்டார். "மெல்ல அண்ணை, மெல்ல. முருகா, முருகா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். காத்திருந்த ஒரு அம்மா செருப்பைக் கழற்றுவது தெரிந்தது. பிறகு இன்னொருவர். சுவரடிக்குப் போய் நான் எழும்பிப் பார்த்தபோது, அந்தப் பிள்ளையும் தன் சப்பாத்தை மேசைக்குக் கீழே விட்டுவிட்டு வெறுங்காலோடு எழும்பி நின்றாள்.

"கை ரெண்டும் எப்பவும் மேலதானா ஐயா?"

"ஓம். கும்பிட்டபடி. கீழை இறக்கக் கூடாது."

"அப்போ இடுப்புல என்ன இருக்குன்னு உங்களுக்கு…"

"தெரியாது பிள்ளை. அதெல்லாம் நினைவிருந்தால் பிறகென்ன பிரதட்டை?"

அவள் யோசித்தாள். பிறகு தன் போனை எடுத்து, "இன்னொரு தடவை உருள்றீங்களா ஐயா? படம் எடுத்து அனுப்பினா அவங்களுக்கு உடனே புரிஞ்சிடும்" என்றாள்.

உருண்டிருந்தால் காரியம் சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் என் உடம்பு கீழே போக மறுத்துவிட்டது. "அதை மட்டும் கேக்காதேங்கோ பிள்ளை" என்றேன். ஏன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. அவள் வற்புறுத்தவில்லை. தான் கண்டதைத் தானே எழுதி அனுப்புவதாகச் சொன்னாள்.

பிறகு ஒரு நாள் மறுபடி செய்தி வந்தது. மகள் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "அப்பா, விபத்தெண்டு ஏத்திருக்கினம். புதுப் போன் தருவினமாம்."

நேர்த்தி எப்படி விபத்தாகும் என்று திரும்பவும் குழம்பிப்போய் வாயைத் திறந்தேன். "பேசாமல் போய் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றாள் மனைவி. அன்றிரவு அவள் பேரனோடு கதைத்து முடியும்வரை அடுப்பு வேலை ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

முருகன் எதைக் கணக்கில் எடுத்தாரோ எனக்குத் தெரியாது. தேரன்று கோயில் வீதியில் உருண்டபோது என் மனம் இடைக்கிடை கடலுக்கும் வீட்டுக்கும் போய்வந்தது. அந்தக் கந்தோர்த் தரையில், ஒருவராவது என்னை நம்பவேண்டும் என்று உருண்ட அந்தச் சிறிது நேரம் அது எங்குமே போகவில்லை. அதனால், இப்போதெல்லாம் கோயிலில் கண்ணை மூடும்போது, அப்படி ஒருமுறை கும்பிடக் கிடைக்காதா என்றுதான் நான் கேட்டுக்கொள்கிறேன்.