ஒரு லத்தீன் சொல்லோடு தலைச்சோலைக்கு

ஏற்காட்டில் ஏரியும் தோட்டமும் பார்க்கப் போகிறவர்களுக்கு இந்தப் பதிவு பெரிதாக உதவாது. நான் போனது என் தங்கை செல்வியைப் பார்க்க. ஜனவரி முதல் சனிக்கிழமை; அப்பாவின் முதல் வருஷத் திதிக்கு எட்டு நாள் இருந்தது. அதற்கு அவளை அழைக்க வேண்டும். ஓராண்டாக அவள் என்னோடு பேசவில்லை.

குற்றம் என்னுடையதுதான். அப்பா சேலத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று நாளும், காப்பிப் பழம் பறிக்கிற நேரத்தில் அவளை எதற்கு அலைக்கழிப்பது என்று சொல்லாமல் இருந்துவிட்டேன். அவர் போன காலையில் இரண்டு தடவை போன் செய்தேன். ஏற்காட்டுப் பக்கம் அவள் வாழ்க்கைப்பட்ட தலைச்சோலையில் சிக்னல் இல்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டேன். எங்கள் பக்கம் பெண் கொடுத்த வீட்டுக்கு இழவு சொல்ல ஆள் அனுப்புவார்கள். வீட்டில் பைக் இருந்தது, சித்தப்பா மகன் சும்மா நின்றுகொண்டிருந்தான். நான் அனுப்பவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கே எடுத்துவிட்டோம்.

காலை ஏழு மணிக்கு சேலத்தில் பஸ் ஏறினேன். டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். அடிவாரம் தாண்டியதும் இருபது கொண்டை ஊசி வளைவுகள். தலை சுற்றுகிறவர்கள் முன்சீட்டில் உட்காருங்கள். நான் பின்னால் உட்கார்ந்து அவதிப்பட்டேன்.

நான் ஸ்பானிஷ் வாத்தியார். ஆன்லைனில் ஐ.டி. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன். மறுநாள் வகுப்புக்கான பாடம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. குவைரெரே என்று ஒரு லத்தீன் சொல். தேடுவது என்று பொருள், விசாரிப்பதும் அதில் அடக்கம். அது இத்தாலியில் கியேதெரே ஆகி, கேட்பதோடு நின்றுகொண்டது. ருமேனியத்தில் சேரெ, அங்கும் கேட்பதுதான், கொஞ்சம் உரிமையோடு கேட்பது. பிரெஞ்சில் கெரீர்: போய்க் கூட்டிக்கொண்டு வருவது. இப்போது அதை யாரும் அதிகம் புழங்குவதில்லை. போர்ச்சுகீசியத்தில் கெரேர் என்றால் முக்கியமாக வேண்டும் என்பது. ஸ்பானிஷில் அதே கெரேர் பாசம் வரைக்கும் போய்விட்டது. அம்மாவிடம், கூடப் பிறந்தவளிடம் 'தே கியேரோ' என்பார்கள்.

ஒரு வயிற்றுப் பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் போய்விட்ட கதை என்று பத்து வருஷமாகச் சிரித்துக்கொண்டே இதை நடத்தியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கே என் பாடத்தின் மேல் எரிச்சல் வந்தது. பாசம் எனக்கும் இருந்தது. போய்க் கூட்டிக்கொண்டு வருவதுதான் இல்லை.

எட்டு இருபதுக்கு ஏற்காடு. அங்கிருந்து ஆட்டோவில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே.

"ஏனுங்க, தலைச்சோலையில ஆரு ஊட்டுக்குங்க?" என்றார் ஆட்டோக்காரர்.

"எஸ்டேட்டுல கணக்கு எழுதற ரைட்டர் ஊட்டுக்கு. அவரு சம்சாரம் என் தங்கச்சி."

"செல்வியக்காவா? நொம்ப நல்லவங்க. அவங்களுக்கு அண்ணன் இருக்கறது தெரியாதுங்களே."

நானூறு ரூபாய் கேட்டார். அதற்குப் பிறகு பேரம் பேச வாய் வரவில்லை. நீங்கள் பேசிப் பாருங்கள்.

செல்வி வாசலில் காப்பிப் பழத்தைக் காயப்போட்டு, கையால் பரப்பிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "வாங்க" என்றாள். என்னை வா, போ என்றே கூப்பிட்டு வளர்ந்தவள். நான் வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டினேன். வாங்கவில்லை.

"எத்தன மணிக்குங்க பொறப்பட்டீங்க?"

"ஏழு மணிக்கு."

உள்ளே எட்டிக் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது.

"ரெண்டு மணி நேரந்தானுங்களே" என்றாள்.

நான் தட்டைப் பிடித்தபடியே நின்றேன். அவளே தொடர்ந்தாள்.

"அன்னிக்கு நாலு மணிக்கு டவுனுக்குப் போனப்பத்தான் போன்ல பாத்தேனுங்க. பஸ் ஏறி அடிவாரம் வரைக்கும் வந்துட்டேன். அப்பறம் சித்திக்குப் போன் போட்டா, எடுத்தாச்சு சாமின்னாங்க. மேல வர்ற பஸ்ஸுல ஏறித் திரும்பிட்டேன்."

அவள் அடிவாரம் வரை வந்தது எனக்குத் தெரியாது. சித்தியும் சொல்லவில்லை, நானும் விசாரிக்கவில்லை.

மறுபடி பழத்தைப் பரப்பிக்கொண்டே கேட்டாள்: "அப்பா என்னைய தேடுனாருங்களா?"

நம்முடைய தேடலும் ஏக்கம் வரைக்கும் போகிற சொல்தான். எந்த வகுப்பிலும் நான் அதைச் சொன்னதில்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் என் பாடு லேசாகியிருக்கும்.

"தேடுனாரு செல்வி. மூணு நாளும் தேடுனாரு. வந்துட்டே இருக்கான்னு நாந்தான் பொய் சொன்னேன்."

அவள் அப்படியே பழத்துக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். பக்கத்தில் போய் உட்காரத் தைரியம் வரவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கிக்கொண்டாள்.

"அப்பாவுக்காக வர்றேனுங்க" என்றாள்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லுங்கள், திரும்ப வண்டி கிடைப்பது கஷ்டம். பத்து மணி வரை பனி விலகாது, ஸ்வெட்டர் வேண்டும். மலையில் சிக்னலை நம்ப வேண்டாம். சொல்ல வேண்டியது எதுவாக இருந்தாலும் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.

திதியன்று செல்வி முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். அப்பா படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். இலை போட்டுக் கூப்பிட்டேன். "இருக்கட்டுங்கண்ணா" என்றாள். கை நனைக்காமல் கிளம்பிப் போய்விட்டாள்.