ரெக்கார்டு ஒட்டிய பசை

அப்பா தன் டியூஷன் மாணவர்களுக்குச் செய்தது உதவிதான் என்றால், அதை நினைத்தாலே எனக்கு ஏன் குமட்டுகிறது?

நேற்று, இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் பள்ளிக்குச் செய்ய வேண்டிய படத்தொகுப்பை ஒட்ட மைதாப் பசை காய்ச்சினேன். அந்த வாடையில் எங்கள் செங்கல்பட்டு வீட்டுக் கூடம் நினைவுக்கு வந்தது. தொண்ணூறுகளில் அப்பா அங்கே கல்லூரி மாணவர்களுக்கு டியூஷன் எடுத்தார். அவர்கள் எழுத வேண்டிய ஆய்வக ரெக்கார்டுகளைப் அப்பா சொன்னதால், பத்து வயதில் நான் பார்த்து எழுதினேன். வரைபடத் தாள்களைப் புளித்த பசையால் ஒட்டினேன். எத்தனை முறை கை கழுவினாலும் நாற்றம் போகாது, சோறு இறங்காது.

"பாப்பா கையெழுத்து சோக்கா கீது சார். உள்ள இன்னா எழுதிக்கீதுன்னு எக்ஸாமினர் கேட்டா?" என்று ஒரு மாணவர் இளித்தார்.

அப்பா என்னிடம் திரும்பினார். "கடைசிப் பத்தியை மட்டும் அண்ணனுக்குப் படிச்சுக் காட்டும்மா."

எனக்கே புரியாததை நான் படித்தேன். அந்த மாணவர் அப்படியே திருப்பிச் சொன்னார்.

"போதும்டா, பாஸாயிடுவே," என்றார் அப்பா.

நேற்று மகள் விளையாடிக்கொண்டிருந்தாள். படங்களை நானே ஒட்டி, அவள் எழுதியதுபோல் தெரிய இடக்கையால் கோணலாகப் பெயர்கள் எழுதினேன். இன்று மிஸ் மூன்று நட்சத்திரம் போட்டிருந்தார். "இது உனக்கும்மா," என்று மகள் நோட்டை என்னிடம் நீட்டினாள். பசை வாடை இன்னும் அதில் இருந்தது.

மிஸ்ஸிடம் உண்மையைச் சொன்னால் மகளுக்கு அவமானமாகுமோ? சொல்லாவிட்டால் அவள் என்ன கற்றுக்கொள்வாள்? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள், எழுதுங்கள்.