புளிச்சகீரையில் மூன்று ஷேடு வண்டுகள்

சாயப்பட்டறையில் சாமியப்பன் தலையாட்டினால்தான் துணி வண்டியேறும். இரண்டு சிவப்பும் ஒன்றுதான் என்று ஊரே சாதித்தாலும், அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டால் வேறு வேறுதான். ஷேடு பார்க்கிற வேலை. வீட்டிலும் அந்தக் கண் ஓயாது. தக்காளியைக்கூட நிறவாரியாக அடுக்குவார்.

2006 ஆடியில், அவர் மனைவி விஜயகுமாரி வாசலோரம் போட்டிருந்த புளிச்சகீரை சல்லடையாகிப்போனது. இலையெல்லாம் கடுகைவிடச் சற்றே பெரிய வண்டுகள். ஆரஞ்சுத் தலை, மினுங்கும் முதுகு. விஜயகுமாரி மருந்து வாங்கி வந்துவிட்டாள்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறு விஜயா. எது திங்குதுன்னு தெரிஞ்சா அத மட்டும் புடிச்சறலாம். மருந்தடிச்ச கீரைய எப்படித் திங்கறது?"

"அதுக்குள்ள அதுக தின்னு முடிச்சிருமுங்க."

சாமியப்பன் சில வண்டுகளைப் பட்டறைக்குக் கொண்டுபோய், துணியின் நிறம் ஒப்பிடும் லைட் பாக்ஸில் வைத்தார். நீலம், பச்சை, நடுவே ஒரு மயில்கழுத்து. மூன்று ஷேடு, ஆகவே மூன்று இனம். இலையில் நீலமே அதிகம். ஆகவே திருடனும் நீலம்தான். தினமும் காலையில் நீலத்தை மட்டும் பொறுக்கினார். ஓட்டை பெருகிக்கொண்டே போனது.

சனிக்கிழமை விஜயகுமாரி கூப்பிட்டாள்.

"ஏனுங்க, இங்க வாங்க. உங்க நீலம் பச்சையோட சோடி சேந்துருச்சு. ரெண்டு ஊட்லயும் சம்மதமான்னு கேளுங்க."

இலைமேல் நீலமும் பச்சையும் ஒட்டிக்கொண்டிருந்தன. அவர் காது சிவந்தது.

"எல்லாம் ஒரே லாட்டு, ஒரே இனந்தான். நாந்தான் பிரிச்சுட்டேன்."

பிறகு அவர் நிறத்தைப் பார்க்கவில்லை. துணியில் இழை எண்ணும் கண்ணாடியை எடுத்து வண்டுகளின் மேல் பிடித்தார். எந்த நிறமானாலும் பின்னந்தொடை வெட்டுக்கிளிக்கு இருப்பதுபோலப் புடைத்திருந்தது. விரலால் சீண்டினார். எல்லாமே துள்ளின.

"விஜயா, எல்லாம் குதிக்குது!"

"நீங்க பொறுக்கறப்பெல்லாம் அதைத்தானுங்க வேடிக்கை பாத்துட்டிருக்கறேன்."

"குதிக்கறது எங்கியாவது கீழ உழுகோணுமில்ல?"

பனியன் அட்டைப்பெட்டியின் மூடியில் விளக்கெண்ணெயைத் தடவிச் செடியோரம் பிடித்துக்கொண்டு, விளக்குமாற்றால் தண்டைத் தட்டினார். துள்ளியதெல்லாம் எண்ணெயில் ஒட்டியது. நாலைந்து தடவை தட்டியதும் செடியில் துள்ளல் ஓய்ந்தது. மருந்துப் புட்டியைப் பிரிக்காமலே கடையில் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஞாயிறு மதியம் கீரை கடைந்தாகிவிட்டது. சாமியப்பன் இன்னும் வாசலில், எண்ணெயில் கிடந்த ஒன்றை ஊசியால் புரட்டிக்கொண்டிருந்தார்.

"பாவம், நல்ல நெறம்," என்றார்.

"சோறு ஆறுதுங்க. கடைஞ்ச கீரையில ஓட்டையெல்லாம் தெரியாது, வாங்க."