மாமா விழாத படம்

எங்கள் ஊரில் அந்தப் படத்தைப் பெயர் சொல்லி யாரும் குறிப்பிட்டதில்லை. சண்டைப் படம் என்றால் அதுதான். பழைய காலத்து ராஜா ஒருவர், அவரைக் கவிழ்க்கப் பார்க்கும் மந்திரி, வெள்ளைக் குதிரையில் வந்து எல்லாரையும் வெட்டிச் சாய்க்கும் தளபதி, நடுநடுவே மூச்சு விடாமல் பாட்டு. இதைப் பார்க்கத் திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊர், ஒருநாள் மத்தியானம் வண்டிகளைப் பூட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் புறப்பட்டது. ராஜாவுக்காக அல்ல. புதுக்கோட்டையில் நிஜமாகவே ஒரு ராஜா இருந்த காலம் அது. ராஜா எங்களுக்குப் புதிதில்லை. நாங்கள் போனது என் மாமாவைப் பார்க்க.

மாமா, அம்மாவின் தம்பி. அவர் நடை பழகும் முன்பே பெற்றவள் போய்விட்டாள். அம்மாதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். கல்யாணமாகி வந்தபோது சீர்வரிசைப் பாத்திரங்களோடு தம்பியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள் என்று அப்பா கேலி செய்வார். மாமாவுக்குச் சிலம்பம் நன்றாக வரும். அதைவிட நன்றாக விழ வரும். மரத்திலிருந்து, மதில்மேலிருந்து, ஓடுகிற வண்டியிலிருந்து, எங்கிருந்து விழுந்தாலும் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்துவிடுவார். திருவிழாவில் இதைப் பார்த்த ஒரு சினிமாக்காரர் சேலத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த வருஷம் பொங்கலுக்கு வந்த மாமா, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து கரும்பைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"கோட்டைச் சொவரு மேல ஈட்டியோட ஒருத்தன் ஓடியாருவான் பாருக்கா, அது நான்தான். நெஞ்சுல அம்பு பட்டு அகழியில விழுவேன். கண்ண மூடிறாத."

"ஏன்டா, ஒனக்குச் சாகுற வேசந்தான் கெடச்சுச்சா?" என்றாள் அம்மா.

"நல்லா விழத் தெரிஞ்சவனுக்குத்தான்க்கா அதக் குடுப்பாங்க."

அம்மாவுக்கு இந்தச் சமாதானம் போதவில்லை. புதுக்கோட்டைக் கொட்டகையில் திரையில் கோட்டை தெரிந்ததுமே முந்தானையால் முகத்தை முழுக்க மூடிக்கொண்டு, "முடிஞ்சதும் சொல்லுடி" என்று என்னிடம் சொல்லிவிட்டாள்.

நான் மூடவில்லை. இமைக்கக்கூட இல்லை. எட்டு வயதில் எனக்கு இருந்த ஒரே பெருமை என் கண்கள்தான். அன்று பார்த்தது இன்றும் அழியவில்லை. மதில்மேல் மாமா ஓடி வருகிறார். தலைப்பாகை நழுவுகிறது. இடது கையால் அதை மேலே தள்ளிக்கொள்கிறார். அவர் பின்னால் ஒரு காக்காய் குறுக்கே பறக்கிறது. மறுகணம் அம்பு. கைகளை விரித்துக்கொண்டு மாமா விழுந்தார், விழுந்தார், விழுந்துகொண்டே இருந்தார். எங்கள் ஊர் மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது. வெளியூர்க்காரர்கள், ஒரு சேவகன் செத்ததற்கு இத்தனை சந்தோஷமா என்று திரும்பிப் பார்த்தார்கள்.

அதன்பிறகு கண்மாய்க் கரையில் எங்கள் விளையாட்டு அது ஒன்றுதான். நான்தான் மாமா. அடுத்த வீட்டுச் சிறுமிக்கு அம்பு எய்கிறவன் வேஷம் வேண்டுமாம். அதெல்லாம் முடியாது என்று சொல்லி அவளைக் காக்காயாக்கினேன். நான் தலைப்பாகையைத் தள்ளியதும் அவள் கைகளை அடித்துக்கொண்டு குறுக்கே ஓட வேண்டும். முந்தி ஓடினாலும் பிந்தி ஓடினாலும் மறுபடி முதலிலிருந்து வர வைப்பேன். அவள் எத்தனையோ தடவை அழுதாள். காக்காய் சரியான நேரத்தில் வருவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரிந்தது இப்படித்தான்.

அடுத்த பொங்கலுக்கு மாமா வரவில்லை. அதற்கடுத்த பொங்கலுக்கும் வரவில்லை. யுத்தம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. சேலம் போய் வந்த ஒருவர், அவன் கம்பெனியை விட்டுப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான் என்றார். இன்னொருவர் மதராஸில் பார்த்ததாகச் சொன்னார். பார்த்தது முகத்தையா முதுகையா என்று அம்மா கேட்டதும் அவர் பேச்சை மாற்றிவிட்டார். அம்மா யார் சொன்னதையும் நம்பவில்லை, தள்ளவும் இல்லை. ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு அய்யனார் கோயிலுக்குப் போனாள்.

எங்கள் பக்கத்து அய்யனாருக்கு மண்குதிரை என்றால் இஷ்டம். கோயிலுக்குப் போகும் வழியின் இரண்டு பக்கமும் ஆளுயரக் குதிரைகள் வரிசையாக நிற்கும். எல்லாம் யாரோ வேண்டிக்கொண்டு, வேண்டியது நடந்ததும் செய்து வைத்தவை. அம்மா அந்த வரிசை முடிகிற இடத்தில் நின்று, சாமியிடம் பேசுவதுபோல் இல்லாமல், கொடுக்கல் வாங்கல் பேசுகிறவள்போல் பேசினாள்.

"எந் தம்பி உசுரோட இருக்கான்னு எங் கண்ணுக்குக் காட்டு. ஒனக்கு ஒரு குதிரை எடுத்து வைக்கிறேன்."

அந்த வருஷம் கோடையில்தான் சண்டைப் படத்தின் இரண்டாம் பாகம் வந்தது. புதுக்கோட்டை வரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை. திருவரங்குளத்தில் டெண்ட் கொட்டகை போட்டிருந்தார்கள். தமுக்கடித்துக்கொண்டு ஒரு வண்டி எங்கள் தெருவுக்கே வந்து நோட்டீஸ் வீசிவிட்டுப் போனது. முதல் படத்தைவிடப் பெரிய சண்டை, முதல் படத்தைவிடப் பெரிய கோட்டை என்று வண்டிக்காரன் தொண்டை கிழியக் கத்தினான். அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு அப்பாவிடம் வந்தாள்.

"ஏங்க, சண்டைக்கு மறுபடி அந்த ஆளுகளத்தானே கூப்புட்டிருப்பாங்க?"

"கூப்புட்டிருக்கலாம்."

"அப்ப அவன் இருப்பான். இந்தத் தடவ கண்ண மூட மாட்டேன்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். மாட்டைப் பிடித்து வரப் போய்விட்டார்.

கொட்டகையில் மணல்தான் ஆசனம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்புயரத் தட்டி. தட்டிக்கு இந்தப் பக்கம் அம்மாவும் நானும், அந்தப் பக்கம் எங்களை ஒட்டியே அப்பாவும் உட்கார்ந்தோம். விளக்கு அணைந்ததும் வழக்கம்போல முழங்காலிட்டு நிமிர்ந்துகொண்டேன். கறுப்பிலிருந்து ஒரு கோட்டை எழுந்து வருவதைப் பார்க்கும்போது என்னால் இன்றைக்கும் சாய்ந்து உட்கார முடியாது.

நியாயமாகச் சொன்னால் அது மட்டமான படம். முதல் படத்தில் அகழியைத் தாண்டிய தளபதி இதில் தொந்தி போட்டிருந்தார். வெள்ளைக் குதிரை அவரைச் சுமந்துகொண்டு நடப்பதே பெரும்பாடாக இருந்தது. போன தடவை வெட்டுப்பட்டுச் செத்த மந்திரி சாகவே இல்லையாம், அது அவருடைய இரட்டைச் சகோதரராம். கூட்டம் முனக ஆரம்பித்துவிட்டது. பாதிப் படத்துக்குமேல் போயும் அம்மா கதை என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒவ்வொரு சேவகன் முகமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் சண்டை வந்தது. புகை, முரசு, ஏணிகள். கோட்டை மதில். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

மாமா ஓடி வந்தார்.

அதே ஈட்டி. அதே ஓட்டம். தலைப்பாகை நழுவியது, இடது கையால் தள்ளிக்கொண்டார், பின்னால் காக்காய் குறுக்கே பறந்தது. நான் அம்புக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அம்பு வரவில்லை. தளபதியின் முகம் வந்துவிட்டது. மாமா விழவே இல்லை. மதில்மேல் ஓடியபடியே தப்பித்துவிட்டார்.

"இந்தா இருக்கான்டி. எங்கிட்டோ கெடந்து சாகலடி, இந்தா ஓடுறான்," என்றாள் அம்மா. சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணீர் வழிந்து கழுத்து வரைக்கும் வந்துவிட்டது. அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. கோட்டை, குதிரை, தளபதி எல்லாவற்றையும் விட்டுவிட்டு அம்மாவையே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். படம் ஒரு மனுஷிக்கு இவ்வளவு செய்யுமா என்று இருந்தது.

சுருள் மாற்ற விளக்குப் போட்டார்கள். ஆண்கள் பக்கத்தில் ஒருவர் எழுந்து நின்று சத்தம் போட்டார்.

"போன படத்துச் சண்டையவே வெட்டி ஒட்டி ஏமாத்துறானுகய்யா. எல்லாம் நாம பாத்ததுதான்."

அப்பா எழுந்தார். சந்தையில் விலை பேசக்கூடக் கூச்சப்படுகிறவர். அந்த ஆளின் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"புதுசுதான். பேசாம பாருங்க."

"இல்லண்ணே, நீங்க நல்லாப் பாத்தீங்களா..."

"பாத்தேன். புதுசுங்கிறேன்ல."

அந்த ஆள் அப்பாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு தட்டிக்கு இந்தப் பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார். சினிமாவுக்காக அப்பா கைகலப்பு வரைக்கும் போவார் என்று நான் நினைத்ததே இல்லை. அன்றைக்கு அப்பாவின்மேல் எனக்குப் புது மரியாதை வந்தது.

திரும்பும் வழியில் வண்டிக்கு வண்டி வழக்கு நடந்தது. முதல் படத்துக்குக் கிட்டே வருமா இது என்று எல்லாரும் ஒரே குரலில் திட்டினார்கள். அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டாவதுதான் நல்லாருக்கு" என்று முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். கண்மாய் வந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, கரையிலிருந்து ஒரு பிடி மண் அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள். குதிரை செய்யச் சொல்லும்போது, அதைச் செய்யும் குயவரான வேளாரின் கையில் முதலில் ஒரு பிடி மண் கொடுக்க வேண்டும். பிடிமண் என்பார்கள். காலையில் முதல் வேலையாக அதைக் கொடுத்துவிட வேண்டும் என்றாள்.

அம்மாவின் கட்சியில் ஆளில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை. அவள் மடியில் சாய்ந்துகொண்டு என் ஆதரவைச் சொன்னேன். ரெண்டாவதுதான் அதிசயம் என்றேன். மாமா எப்படி அச்சு மாறாமல் அதே மாதிரி ஓடினார் என்றேன்.

"மாமாவக்கூட விடும்மா. அந்தக் காக்கா, அதுவும் போன படத்துல வந்த மாதிரியே அதே எடத்துல, அதே நேரத்துல பறந்துச்சு. எப்புடிம்மா பழக்குனாங்க?"

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா கயிற்றை இழுத்துப் பிடித்தார்.

"அது வேற காக்கா," என்றார் அப்பா, திரும்பிப் பார்க்காமல்.

"இல்லப்பா, அதே மாதிரி..."

"வேற காக்கான்னு சொல்றேன்ல."

அம்மா என் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை. கொஞ்ச தூரம் போனபிறகு மெதுவாகக் கேட்டாள்.

"தலப்பாவ அப்பயும் எடது கையாலதான் தள்ளுனானா?"

"ஆமாம்மா. அச்சு அப்படியே," என்றேன் பெருமையாக. கண்ணை மூடிக்கொண்டவளுக்காக நான்தானே பார்த்து வைத்திருந்தேன்.

அவள் முந்தானை முடிச்சைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டாள். தூக்கம் வந்துவிட்டது போலும் என்று நானும் விட்டுவிட்டேன்.

விடிந்ததும் அம்மா குளித்து, ஈரத்தலையோடு முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். அப்பா அவளுக்கு முன்னால் போய், "இப்ப என்ன அவசரம், பெறகு பாத்துக்கிரலாம்" என்றார். அம்மா அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். நாங்கள் இருவரும் பின்னால் போனோம்.

வேளார் சூளைக்குப் பக்கத்தில் மண் மிதித்துக்கொண்டிருந்தார். சேதி அதற்குள் அவருக்குப் போயிருந்தது.

"தம்பியப் பாத்துட்டீங்களாம்ல, தாயி. கேள்விப்பட்டேன். ஒரு குதிரைதானே சொல்லியிருந்தீங்க?"

அம்மா முடிச்சை அவிழ்த்து மண்ணை அவர் கையில் வைத்தாள்.

"ரெண்டாச் செஞ்சிருங்க வேளாரே."

வேளாரின் சிரிப்பு நின்றது. அவர் அம்மாவையும் பார்த்தார், அப்பாவையும் பார்த்தார். அந்தப் பிடி மண்ணை இரண்டு கையாலும் மூடிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே எடுத்துப் போனார். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். காலை வெயில் இன்னும் ஏறவில்லை, எதற்கு வேர்க்கிறது என்று நினைத்தேன்.

யுத்தத்தில் பிலிம் கிடைக்காமல் பழைய சண்டையை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று எனக்கு விளங்க எத்தனையோ வருஷம் ஆனது. மாமா வரவில்லை. அந்த இரண்டு குதிரைகளும் வரிசையின் கடைசியில் இன்னும் நிற்கின்றன, ஒன்றுக்குக் காது இல்லை.

அன்று வேளார் வீட்டிலிருந்து திரும்பும்போது எனக்கு ஒரே குதூகலம். முதல் பாகத்துக்கு ஒன்று, இரண்டாம் பாகத்துக்கு ஒன்று, கணக்குச் சரியாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். "ஆமாடி ஆத்தா" என்றாள் அவள். கேட்டது கிடைத்தவர்கள் சாமிக்குச் சொன்ன ஒன்றைத்தான் செய்வார்கள் என்றும், இன்னொன்றையும் சேர்த்துச் செய்யச் சொன்னவள் இன்னும் தம்பியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றும் எனக்குத் தெரியவில்லை. அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, குதிரைகளுக்கு என்ன நிறம் பூசலாம் என்று வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தேன்.