ஒரே போனில் எங்கள் லைன் முழுக்க

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோலார் தங்கவயலில் (கே.ஜி.எஃப்.) சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டில் நடந்தது இது.

அப்போது நான் பெங்களூரில் ஒரு கம்பெனியில் டேட்டா வேலைக்குச் சேர்ந்திருந்தேன். நிரந்தரம் ஆக்குவார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்று அந்த வாரம்தான் முடிவாக வேண்டும். டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கித் தரும் ஆப் எங்களுடையது. யார் எந்தப் பக்கத்தைத் திறக்கிறார்கள், எங்கே வெறுத்துப்போய் மூடிவிட்டுப் போகிறார்கள் என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பது என் வேலை. பெயர், முகம் எதுவும் எங்களுக்குத் தெரியாது. போனுக்கு ஓர் அடையாள எண், ஊர், நேரம், அவ்வளவுதான்.

புரோக்கர்கள் பொய்ப் பெயர்களில் நேரம் பிடித்து விற்கிறார்கள் என்று புகார் வந்தது. நான் ஒரு விதி எழுதினேன். ஒரே போனிலிருந்து பல பேருக்குப் பதிவு வந்தால் அது போலி, உடனே ரத்து. மீட்டிங்கில் மேனேஜர் மேடம் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அன்று ரயிலில் நின்றுகொண்டேதான் ஊருக்கு வந்தேன். சத்தியமாகக் கால் வலி தெரியவில்லை.

அந்த ஞாயிறு காலை பக்கத்து வீட்டு அக்கா போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அவர் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நாலு அடி நடந்தாலே மூச்சு வாங்கும். பெங்களூரில் ஒரு நுரையீரல் டாக்டரின் நேரத்துக்காக மாசக்கணக்கில் காத்திருந்து, மறுநாளுக்குக் கிடைத்திருந்தது.

“இன்னாம்மா இது? கேன்சல்னு வந்துகீது. உங்க ஆப்புதானே, கொஞ்சம் பாரு.”

வாங்கிப் பார்த்தேன். அவருக்கு மட்டுமில்லை, லைனில் பாதிப் பேருடைய பதிவும் ரத்தாகியிருந்தது. என் அம்மாவின் கண் டாக்டர் பதிவு உட்பட!

எங்கள் லைனில் சமையல் கேஸ் புக் பண்ணுவதானாலும் சரி, டாக்டரானாலும் சரி, அக்கா வீட்டு வாசலில்தான் போய் நிற்பார்கள். அவர் முகம் சுளிக்காமல் தன் போனிலேயே எல்லோருக்கும் போட்டுக் கொடுப்பார். பிறந்ததிலிருந்து இதே லைனில் இருப்பவள் நான். ஏசி அறையில் உட்கார்ந்து விதி எழுதும்போது இது என் மண்டையில் உறைக்கவே இல்லையே!

“அக்கா, அந்த ரூல் போட்டதே நான்தான்” என்றேன்.

அக்கா ஊரைக் கூட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“அடிப்பாவி! நீயா?” என்றவர், அப்படியே பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார். “அப்பாடா, நல்லதா போச்சு. வேற எவனாவது போட்டிருந்தா அவனை எங்க போய்த் தேடறது? நீதானேடி, எடுத்துடு.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. எடுக்க வேண்டுமானால் மேடத்தைக் கூப்பிட்டு, நீங்கள் பாராட்டிய விதியே தப்பு என்று சொல்ல வேண்டும். அதுவும் எந்த வாரத்தில்! ஆனால் பக்கத்து வீட்டிலிருந்து அண்ணனின் இருமல் கேட்டுக்கொண்டே இருந்தது. கூப்பிட்டுவிட்டேன்.

“அவங்க புரோக்கர் இல்லைன்னு எப்படி அவ்வளவு உறுதியா சொல்றே?” என்று மேடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா போனைப் பிடுங்கி, கன்னடத்தில் பொரிந்து தள்ளினார். வந்து பாருங்க மேடம், எங்க லைன்ல தலையை எண்ணிக்கோங்க, சாப்பாடும் போடறேன் என்று ஒரே அழைப்பு. அந்தப் பக்கம் மேடம் சிரித்த சத்தம் எனக்கே கேட்டது.

மத்தியானத்துக்குள் எல்லாப் பதிவும் திரும்பி வந்தது. “நாளைக்கு மீட்டிங்கில் இதை நீயே சொல்லு” என்றார் மேடம்.

மறுநாள் காலை ரயிலில் அக்காவும் அண்ணனும் என்னோடுதான் வந்தார்கள். “எங்களையெல்லாம் போலின்னு சொன்ன மகராசி இவதான்” என்று பெட்டி முழுக்கச் சொல்லிச் சொல்லி என் மானத்தை வாங்கினார் அக்கா. கூடவே எனக்கு இட்லியும் வைத்துக் கொடுத்தார்.

மீட்டிங்கில் மறைக்காமல் சொன்னேன். ரத்து செய்வதற்கு முன் போன் போட்டு விசாரிக்க வேண்டும் என்று விதி மாறியது. வேலையும் நிரந்தரமானது. இப்போது அந்த விசாரிப்பு வேலைக்கே நான்தான் பொறுப்பு. அண்ணனுக்கு மருந்து மாற்றிக் கொடுத்தார்கள். ராத்திரியில் கொஞ்சம் தூங்குகிறார்.

அன்று அக்கா கத்தியிருந்தால், பயத்தில் ஏதாவது சாக்குச் சொல்லி மறைத்திருப்பேன். வேலையில் நான் கொஞ்சமாவது வளர்ந்திருக்கிறேன் என்றால், அது அவர் என்னைத் திட்டாமல் நம்பியதால்தான். இன்றைக்கும் என் திரையில் ஒரு போன் சந்தேகத்துக்குரியது என்று சிவப்பாக மின்னினால், முதலில் கூப்பிட்டுப் பேசச் சொல்கிறேன். அந்த ஒற்றைப் போனுக்குப் பின்னால் ஒரு தெருவே நம்பி நின்றுகொண்டிருக்கலாம்.