அக்காவின் முழங்கால்

எனக்கும் என் அக்காவுக்கும் ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே டாக்டர், ஒரே மாதத்தில் முழங்கால் ஆபரேஷன் செய்தார். இருவருக்குமே மூட்டின் உள்பக்கம் மட்டும்தான் தேய்ந்திருக்கிறது, முழுவதும் மாற்ற வேண்டாம், பாதி போதும் என்றார். நான் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அக்காதான் விடவில்லை. தானும் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொள்வதாகச் சொல்லி என்னைக் கூட்டிப்போனாள்.

அக்கா வீட்டில் உட்கார்ந்து தறிக்காரர்களுக்குப் பட்டு நூல் சுற்றித் தருபவள். நான் காந்தி ரோட்டில் ஒரு புடவைக் கடையில் நாளெல்லாம் நிற்பவள். கணவர்கள் போன பிறகு எங்கள் இருவருக்கும் இருந்த ஒரே ஊர்சுற்றல், பிரதோஷத்தன்று ஏகாம்பரநாதர் கோயிலுக்கு நடந்து போய்வருவதுதான். கால் சரியானதும் மறுபடி போகலாம் என்பதுதான் எங்கள் பேச்சாக இருந்தது.

என் கால் சரியாகிவிட்டது. மழைக்காலம் முடிவதற்குள் கடைக்குத் திரும்பினேன். மாடிப்படி ஏறினேன். சில நாள் காலில் ஆபரேஷன் நடந்ததே மறந்துபோகும்.

அக்காவுக்கு வலி போகவில்லை. முட்டிக்குக் கீழே எலும்புக்குள் யாரோ குத்துவது போல இருக்கிறது என்பாள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். பயிற்சி ஒழுங்காகச் செய்திருக்க மாட்டாள் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். நான் கண்ணால் பார்த்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு என்னைவிட அதிகமாகவே செய்தாள். ஒருநாள் அவள் மகனே, "சித்தி நல்லாதான நடக்கறாங்க, உனக்கு மட்டும் என்னம்மா?" என்று கேட்டுவிட்டான். அக்கா ராட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் வலி பொய் என்பதற்கு என் கால் சாட்சியாகிவிட்டது.

அதற்குப் பிறகு அவள் வீட்டு வாசல்படி ஏறும்போது நான் கொஞ்சம் நொண்ட ஆரம்பித்தேன். யோசித்துச் செய்ததில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். எனக்கும் குளிர் நாளில் வலிக்கிறது என்பேன். அவள் தைலத்தை என் பக்கம் நகர்த்தி வைப்பாள்.

ஒருநாள் வாலாஜாபாத் பஸ் கிளம்பிவிட்டதைப் பார்த்து ஓடிப்போய் ஏறினேன். அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போனபோது வழக்கம்போலக் காலை இழுத்தேன். அவள் நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"காலைல ஆட்டோல ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு இருந்தேன். நீ பஸ்ஸுக்கு ஓடின. பாத்தேன்."

சுவரைப் பிடிக்கப்போன கையை எடுத்துக்கொண்டேன்.

"என் எதிர்ல நொண்டாதம்மா. உன்னை நான்தான இட்டுக்கினு போனேன். நீயாவது நல்லா நடக்கறன்னு இருந்தாதான் எனக்கு ஆறுதலா இருக்குது."

நான் அவள் மடியில் தலைவைத்து அழுதேன். அவள் அழவில்லை. நூல் கலைந்துவிடும், தள்ளி உட்கார் என்று மட்டும் சொன்னாள்.

கடைசியில் சென்னையில் வேறொரு டாக்டர், முதல் ஆபரேஷனில் வைத்த, எலும்போடு பிடித்திருக்க வேண்டிய தகடு தளர்ந்துபோயிருப்பதைக் கண்டுபிடித்தார். அதை எடுத்துவிட்டு முழு மூட்டும் மாற்றினார்கள். வலி உண்மைதான் என்று ஒருவர் சொன்னதும், ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் மகன் அவள் காலருகே நெடுநேரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

இப்போது அந்தக் குத்தல் இல்லை. தூங்குகிறாள். ஆனால் கால் பாதிக்குமேல் மடங்குவதில்லை. வாக்கரோடு வாசல்வரை வருவாள். தரையில் உட்கார முடியாததால் ராட்டையை மேஜைமேல் தூக்கி வைத்திருக்கிறோம்.

போன பிரதோஷத்துக்கு ஆட்டோ வைத்துப் போகலாம் என்று கூப்பிட்டேன். நடந்தே போன கோயிலுக்கு அப்படிப் போய் இறங்க மனசு வரவில்லை என்றாள். கூட்டம் சேர்வதற்குள் நீ கிளம்பு என்று என்னை அனுப்பினாள். நான் போனேன். நந்திக்குப் பாலபிஷேகம் நடக்கும்போது எதையும் வேண்டிக்கொள்ளத் தோன்றாமல் நின்றிருந்தேன். திரும்பி வந்து திருநீற்றை அவள் நெற்றியில் வைத்தேன். கூட்டம் ஜாஸ்தியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.