142857 மேல் விழுந்த சந்தேகம்

கணக்கு ட்யூஷன் எடுக்க முதலில் வேண்டியது கணக்கு அல்ல, சந்தேகக் கேஸாக நின்று பழகிய முகம். பையன் ஃபெயிலானால் நமக்குச் சொல்லித்தரத் தெரியவில்லை. சென்டம் வாங்கினால் கேள்வித்தாள் நமக்கு முன்கூட்டியே கிடைத்திருக்கிறது. ட்யூஷன் எடுத்து நொந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாததா? தொண்ணூறுகளில் மந்தைவெளியில் ஒரு வீட்டு மாடி அறையில் வகுப்பு நடத்தினேன். அந்த அறைதான் என் பிழைப்பு. அதில் மண்ணைப் போடப் பார்த்தது 142857 என்ற ஓர் எண்.

காப்பி

பெருக்கல் அலுக்காமல் இருக்க முதல் நாளே இந்த எண்ணைக் கொடுப்பேன். இரண்டால் பெருக்கினால் 285714. மூன்றால் 428571. ஆறுவரை அதே ஆறு இலக்கங்கள்தான். முன்னால் நிற்பவர்கள் க்யூவின் கடைசிக்குப் போவார்கள், அவ்வளவே.

மயிலாப்பூர் மாமி ஒருவர் மகனின் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "டீச்சர், இவன் ஒரே நம்பரைக் கலைச்சுக் கலைச்சு எழுதிண்டு வந்திருக்கான். நீங்களும் பார்க்காம டிக் போட்டிருக்கேள்!"

கால்குலேட்டர்

மறுநாள் மாமியின் கணவர் பேங்கிலிருந்து நேரே வந்தார், கையில் கால்குலேட்டரோடு. பெருக்கிப் பார்த்தார். சரியாக வந்தது. எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "ஒன்றை ஏழால் வகுத்துப் பாருங்க சார்" என்றேன். புள்ளிக்கு அப்புறம் 1428571 என்று வந்து நின்றது. மனிதர் கால்குலேட்டரைத் திருப்பி, பேட்டரி மூடியைக் கழற்றிப் பார்த்தார். "என் கால்குலேட்டருக்குள்ள உங்க நம்பர் எப்படி வந்தது?"

விசேஷம்

மகளை அழைத்துப் போக வரும் ஆட்டோக்காரர் தணிகாசலம், படியில் நின்றபடி பிள்ளைகள் இந்த எண்ணை ஒப்பிப்பதைக் கேட்டிருக்கிறார். தெருவுக்குத் தெரு லாட்டரிச் சீட்டு விற்ற காலம் அது. வகுப்பு முடிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, இது பரிசு விழப்போகிற நம்பரா என்று கேட்டார். நம்பரில் விசேஷம் உண்டு, பரிசு கிடையாது என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னேன். அவர் கண்ணைச் சிமிட்டினார்.

"சர்தான் டீச்சர், நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சீட்டு எந்தக் கடையில கீது, அத்த மட்டும் சொல்லுங்க!"

ஏழு

ரகசியத்தை அவர் கத்தித்தான் கேட்டார். கீழே குடியிருந்த வீட்டுக்கார மாமா காதில் விழுந்துவிட்டது. "ஆத்துல லாட்டரி நடத்திண்டிருக்கேளா? இந்த மாசத்தோட காலி பண்ணிடுங்கோ" என்று மேலே வந்து நின்றார். திடீரென்று இத்தனை பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் உட்காரவைப்பேன்?

சாக்பீஸை அவர் கையிலேயே கொடுத்தேன். "நீங்களே பெருக்கிப் பாருங்க, மாமா."

இரண்டு, மூன்று என்று பெருக்கிக்கொண்டே போனார். முகம் கொஞ்சம் இளகியது. ஆறு முடிந்ததும், நான் சொல்லாமலே ஏழுக்குப் போய்விட்டார். 999999. அதுவரை க்யூவில் நின்ற ஆறு பேரில் ஒருவரைக்கூடக் காணோம். மாமா போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார். "சரி, நீங்க இருங்கோ. ஆனா இந்த ஆத்துல ஏழால மட்டும் பெருக்கப்படாது!"

அறை தப்பித்தது, ஆனால் ட்யூஷன் டீச்சர்மேல் வரும் சந்தேகமும் 142857 மாதிரிதான், ஆறுவரை எதால் பெருக்கினாலும் அதேதான் வரும், முன்னால் நிற்கிற ஆள் மட்டும் மாறுவார்.